குடும்பப் பெயர் என்றொரு கட்டம்

முந்நூறு, முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னர் ஐரோப்பாவில் இருந்த சில பெரிய மூளைகளின் மீது எனக்கு இன்றைக்கும் நல்ல எண்ணம் கிடையாது. அவர்கள் எனக்கு நேரடியாக ஒரு கெடுதலும் செய்ததில்லை. ஆனால் வெள்ளவத்தையில், காலி வீதியில், ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் இருந்த கணனி நிலையத்தில் இரண்டு வருடம் அவர்களுடைய புகழைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப் போயிருந்தது.

அது தொண்ணூறுகள். வடக்கில் யுத்தம். தப்பி வந்தவர்களும் வெளிநாடு போகக் காத்திருந்தவர்களும் வெள்ளவத்தையை நிரப்பியிருந்தார்கள். காத்திருக்கிறவனுக்குப் பொழுது போகவேண்டும், பொழுதைப் போக்குகிறவனுக்கு ஒரு சான்றிதழும் கிடைத்தால் நல்லதுதானே என்று கண்டுபிடித்தவர் எங்கள் பணிப்பாளர். அவருக்குக் கணனியை நிறுத்தத் தெரியாது. சுவரில் இருக்கும் மின் ஆளியைத்தான் தட்டி அணைப்பார். வியர்த்து வழியும் கழுத்தில் டை கட்டிக்கொண்டு வாசலில் நின்று பெற்றோரை வரவேற்பார்.

நிலையத்தில் ஆறு கணனிகள். வேலை செய்தவை நான்கு. ஒரு வகுப்புக்கு முப்பத்தைந்து பேர். இந்தக் கணக்கைச் சமாளிக்கத்தான் பணிப்பாளர் 'கணனியின் வரலாறு' என்ற பாடத்தைப் புகுத்தினார். நான்கு பேர் விசைப்பலகையில் தட்டிக்கொண்டிருக்கும்போது மற்ற முப்பத்தொரு பேரும் அடுத்த அறையில் வரலாறு கேட்பார்கள். வரலாற்றுக்கு மின்சாரம் வேண்டாம், உட்காரக் கதிரை இருந்தால் போதும்.

தட்டச்சும் செயல்முறையும் என் பொறுப்பு. வரலாறு, என் அறை நண்பனின் பொறுப்பு.

நாங்கள் இருவரும் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு லொட்ஜில், ஒரே அறையில் இருந்தோம். ஒரே வயது. அவன் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து, யுத்தத்தால் பாதியில் விட்டவன். மற்றவர்கள் ஊரையும் வீட்டையும் நினைத்து ஏங்கினார்கள். இவன் அந்த வெள்ளைக்காரப் பெரியவர்களை நினைத்து ஏங்கினான். அவர்களைப் பற்றிச் சொந்தச் சித்தப்பாமாரைப் பற்றிக் கதைப்பதுபோல 'அந்த மனிசன்', 'இந்த மனிசன்' என்றுதான் கதைப்பான்.

முதலாவது மனிசன் பிரான்ஸ்காரர். பட்டாளத்தில் சேர்ந்து, குளிர்காலத்தில் அடுப்பு மூட்டிய ஓர் அறைக்குள் இருந்து, உலகத்தில் எதையெல்லாம் சந்தேகிக்கலாம் என்று யோசித்தாராம். கடைசியில், தான் யோசிப்பதை மட்டும் சந்தேகிக்க முடியவில்லையாம். என் நண்பன் இதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். எனக்கோ எரிச்சல் வரும். சந்தேகப்படுவது எப்படி என்று தெரிய அடுப்பங்கரையில் குந்தியிருக்க வேண்டுமா? பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தைக்கு நடந்து வந்தால் நாலு சோதனைச் சாவடி, நாலு பேர் சந்தேகப்படுவார்கள். நாங்கள் இருக்கிறோம் என்பதே அவர்களுக்குச் சந்தேகம்.

இரண்டாமவரும் பிரான்ஸ்தான். தகப்பன் வரி அதிகாரி. தகப்பன் கணக்குப் பார்த்துக் களைத்துப் போகிறாரே என்று, மீசை முளைக்கும் வயதில், பற்சக்கரங்களை வைத்துக் கூட்டல் செய்யும் பெட்டி ஒன்று செய்தார். வரி கட்டுகிறவன் களைத்துப் போவதைப் பற்றி அந்தப் பிள்ளைக்குக் கவலை வரவில்லை என்பதை நான் கவனித்தேன். பிறகு அவர் பெட்டியை விட்டுவிட்டுக் கடவுளை நம்புவதில் லாபமா நட்டமா என்று பார்க்கப் போய்விட்டார்.

மூன்றாமவர் ஜேர்மன்காரர். என் நண்பனின் குலதெய்வம். இவர்தான் ஒன்றையும் பூச்சியத்தையும் மட்டும் வைத்து எல்லா எண்களையும் எழுதிக் காட்டியவர். அது போதாதென்று, மனிதருடைய எண்ணங்களுக்கெல்லாம் ஒவ்வொரு குறியீடு கொடுத்துவிட்டால், சண்டை பிடிக்கிறவர்கள் கத்தியை வைத்துவிட்டு உட்கார்ந்து கணக்குப் போட்டு யார் சரி என்று முடிவு கட்டிவிடலாம் என்றும் ஒரு கனவு கண்டார்.

"எவ்வளவு பெரிய யோசினை, பாத்தியோ?" என்பான் நண்பன்.

"அப்ப நீ போய் ரெண்டு பக்கத்துக்கும் சிலேட்டும் பென்சிலும் குடன்," என்பேன்.

"பகிடி விடாதை மச்சான். அந்த மனிசன் முப்பது வருசச் சண்டையிலை அழிஞ்ச நாட்டிலை பிறந்தவர். சண்டை எண்டா என்னெண்டு தெரிஞ்சுதான் சொன்னவர்."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நான் அவனுக்குச் சொல்லாத நாள் இல்லை. அவன் கோபிக்கமாட்டான். கோபிக்காத ஆளை இகழ்வதில் ஒரு சுகம் இருக்கிறது. அந்தச் சுகத்தை நான் இரண்டு வருடம் குறைவில்லாமல் அனுபவித்தேன்.

அவனுக்கென்று இருந்தவர் தகப்பன் மட்டும்; ஐயா என்பான். தாய் இல்லை, கூடப்பிறந்தவர் இல்லை. ஐயா யாழ்ப்பாணத்தில் தனியாக இருந்தார். தொலைபேசி கிடையாது. தபால் ஒழுங்கில்லை. வடக்குக்குத் திரும்பிப் போகிறவர்களின் கையில் இவன் மாதம் இரண்டு கடிதம் கொடுத்தனுப்புவான். அங்கே அப்போது தாளுக்கும் தட்டுப்பாடு. அதனால் இவன் கடிதத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுவான். ஐயா மறுபக்கத்தில் பதில் எழுதி, இங்கே வருகிறவர் யாரிடமாவது கொடுத்துவிடுவார். ஒரு கடிதம் போனால் ஒரு பதில். அது தவறியதே இல்லை. நான் அதையும் நக்கலடித்தேன். இரண்டு பேருக்கும் ஒரு தாள் போதுமென்றால் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது என்றேன்.

கொழும்பில் இருக்கும் தமிழர்கள் பொலிஸில் பதிய வேண்டும். லொட்ஜ் என்றால் தங்கியிருப்பவர்களின் பட்டியலை மனேஜர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எங்கள் மனேஜர் அதைக் கொப்பியில் கையால் எழுதுவார். கோழி கிளறிய மாதிரி இருக்கும் அந்த எழுத்தை வாசிக்க முடியாமல் பொலிஸார் அவரை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"அண்ணை, நான் கணனியிலை அடிச்சுத் தாறன். ஒரு பிழை வராது," என்று நான்தான் முன்வந்தேன். யாரும் கேட்கவில்லை. என் கெட்டித்தனத்தை லொட்ஜுக்குக் காட்டவேண்டியிருந்தது.

நிலையத்தில் ஆட்களின் விபரங்களைப் பதியும் மென்பொருள் ஒன்று இருந்தது. யாரோ வெள்ளைக்காரன் தன் ஊர் ஆட்களுக்காக எழுதியது. முதற் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டால் இயந்திரம் கீச்சிட்டு மறுக்கும். ஒற்றை எழுத்தைப் போட்டாலும் மறுக்கும்.

நண்பன் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

"எங்களுக்கு ஏதடா குடும்பப் பேர்? உந்தக் கட்டத்துக்கை என்னத்தைப் போடப் போறாய்?"

"நீ போய் உன்ரை ஜேர்மன்காரனைப் பார். இது தெரிஞ்ச ஆக்கள் செய்யிற வேலை," என்றேன்.

அவன் போய்விட்டான். நான் எல்லாருடைய தகப்பன் பெயரையும் முழுதாக அந்தக் கட்டத்தில் போட்டேன். எங்கள் வழக்கத்தில் தகப்பன் ஓர் எழுத்தாகச் சுருங்கி முன்னால் நிற்பார்; பிள்ளையின் பெயர்தான் முழுதாக வரும். இயந்திரம் அச்சிட்டுத் தந்ததில் அது தலைகீழாக இருந்தது. தகப்பன்மார் முழுதாக நின்றார்கள். நாங்கள் ஆளுக்கோர் எழுத்தாகச் சுருங்கியிருந்தோம். அகரவரிசை பிசகவில்லை, ஓரங்கள் நேராக இருந்தன. பார்க்க அழகாக இருந்ததால் நான் மேற்கொண்டு யோசிக்கவில்லை. மனேஜர் அதைக் கடவுள் படம்போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணியளவில் சுற்றிவளைப்பு வந்தது. குளித்துக்கொண்டிருந்தவன், உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தவன், எல்லாரையும் முற்றத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். ஆமிக்காரர் வாசலில் நிற்க, ஒரு பொலிஸ் அதிகாரி கையில் என்னுடைய பட்டியலை விரித்தார்.

முதலாவது பெயரை வாசித்தார். அது என் நண்பனின் ஐயாவின் பெயர்.

அதிகாரி இன்னொரு தரம், உரக்க, அந்தப் பெயரை வாசித்தார். நண்பனின் முகம் வெளிறியது. பொலிஸ்காரர் வாயில் ஐயாவின் பெயரைக் கேட்டதும், ஐயாவைத்தான் எதற்கோ தேடி வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டதாகப் பிறகு என்னிடம் சொன்னான். வகுப்பில் நிற்கிற மாதிரிக் கையை உயர்த்தி, தெளிவான ஆங்கிலத்தில், "அவர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்," என்றான்.

உண்மை. முழு உண்மை. அந்த முற்றத்தில் அதைவிடப் பிழையான பதில் ஒன்று இருந்திருக்க முடியாது.

லொட்ஜில் பதிந்த ஆள் ஒருவன் யாழ்ப்பாணம் போய்விட்டான், அவனுடைய இடத்தில் வேறு ஒருவன் நிற்கிறான் என்று அதிகாரி விளங்கிக்கொண்டார். அப்படியென்றால் நீ யார் என்று கேட்டார். நண்பன் தன் பெயரைச் சொன்னான். அதிகாரி விரலால் பட்டியலை மேலிருந்து கீழாகத் தடவினார். அந்தப் பெயர் எங்கும் இல்லை. அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். அதில் ஐயா ஓர் எழுத்து, இவன் முழுப்பெயர். பட்டியலில் அதற்கு நேரெதிர். அவனை ஜீப்பில் ஏற்றினார்கள்.

நான் அவனுக்கு நாலு ஆள் தள்ளி நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அதிகாரி இரண்டாவது பெயரை வாசித்தார். அதுவும் ஒரு தகப்பன் பெயர்தான். ஆனால் அதற்குள் எங்களுக்குப் பாடம் விளங்கிவிட்டது. அந்தத் தகப்பனின் மகன், "யெஸ் சேர்," என்றான். அடுத்தவனும் "யெஸ் சேர்". பதில் உடனே வந்துவிட்டதால் அதிகாரி எங்கள் அட்டைகளைச் சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தந்தார். செத்துப்போன தகப்பன்மாருக்கும், குடித்துவிட்டுத் தாயை அடித்து ஓடிப்போன தகப்பன்மாருக்கும், எல்லாருக்கும் பிள்ளைகள் மரியாதையாக யெஸ் சேர் சொன்னார்கள். என் தகப்பன் பெயரை வாசித்தபோது நானும் சொன்னேன். எங்கள் எல்லாரிலும் உண்மை சொன்ன ஒருவன் மட்டும் ஜீப்பில் இருந்தான்.

மத்தியானம் பணிப்பாளரிடம் ஓடினேன். அவர் சோற்றில் கையை வைத்தபடியே, "எங்கடை நிலையத்தின்ரை பேர் உதுக்குள்ளை வரப்படாது. சொல்லிப்போட்டன்," என்றார். அந்த மனிதரிடம் வேறு எதை எதிர்பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

மனேஜரும் நானும் பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். சுவரோரமாக ஒரு வாங்குப் பலகையில் நண்பன் உட்கார்ந்திருந்தான். மேசையில் இருந்த அதிகாரிக்குக் கொஞ்சம் தமிழ் வரும். அவருக்கு எங்கள் பெயர் வழக்கத்தை விளக்கினேன். இது அவருடைய தகப்பன் பெயர், எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, ஆள் ஒன்றுதான், பெயர்தான் இடம் மாறிவிட்டது என்றேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"இது கம்பியூட்டர் லிஸ்ட் தானே? கம்பியூட்டர் பொய் சொல்றது இல்லே தானே?"

"பொய் இல்லை சேர். அடிக்கேக்கை வந்த பிழை."

"அப்ப யார் அடிச்சது?"

அவசரகாலச் சட்டம். பொலிஸுக்குப் பிழையான பட்டியல் கொடுத்தவன் யார் என்பதுதான் கேள்வி. மனேஜர் மின்விசிறியைப் பார்த்தார். என் கை தானாக எழுந்தது என்று எழுதினால் அது இன்னொரு பொய்; நான்தான் தூக்கினேன். வாங்கில் இருந்தவனைக் காட்டி, "அவர்தான் சேர். கணனி வரலாறு படிப்பிக்கிறவர்," என்றேன்.

நண்பன் என்னைப் பார்த்தான். பிறகு அதிகாரியைப் பார்த்து, "ஓம், நான்தான் அடிச்சனான்," என்றான்.

அதோடு முடிந்தது. தன் பெயரைத் தானே மறைத்துப் பட்டியல் அடித்த ஆள் என்று எழுதிக்கொண்டார்கள். உள்ளே கொண்டுபோகும்போது அவன் திரும்பி ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

"ஐயாவுக்கு அறிவி. என்னைத் தேடித் தேடிச் செத்துப்போடுவார்."

அறிவிக்கிறேன் என்றேன். ஏழு மாதம் அவனை வைத்திருந்தார்கள். அந்த ஏழு மாதத்தில் நான் ஒரு வரி எழுதவில்லை.

எழுத உட்காராமல் இல்லை. 'அன்புள்ள ஐயா அறிவது' என்று எழுதுவேன். உங்கள் மகனைப் பிடித்துவிட்டார்கள் என்று எழுதினால் ஏன் பிடித்தார்கள் என்று எழுதவேண்டும். அதை எழுதினால் பட்டியலை எழுதவேண்டும். பட்டியலை எழுதினால் அந்த மேசைக்கு முன்னால் தூக்கிய கையை எழுதவேண்டும். தாளைக் கிழித்துப் போடுவேன். லொட்ஜிலிருந்து கிழமைக்கு ஒருவராவது வடக்குக்குப் போனார். ஒவ்வொரு முறையும் இந்த ஆள் நம்பத்தகாதவன், அடுத்த ஆளிடம் கொடுக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வரலாற்று வகுப்பையும் பணிப்பாளர் என் தலையில் கட்டிவிட்டார். அந்த மூன்று பேரையும் நான் வகுப்பில் வைத்து உரித்தேன். உலகத்துச் சண்டையெல்லாம் தீர்க்கப் புறப்பட்ட ஜேர்மன்காரர் கடைசிக் காலம் முழுவதும் ஒரு பிரபுவின் வம்ச வரலாற்றை எழுதிக் கழித்தார். இன்னாருக்கு இன்னார் தகப்பன் என்று எழுதி எழுதி, அதையும் முடிக்காமல் செத்தார். செத்தபோது தூக்கப் பெரிய மனிதர் ஒருவரும் வரவில்லை என்று சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தேன். வெளிநாடு போய்க் கோப்பை கழுவப் போகிற பிள்ளைகள் அந்த மேதையைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அது இனித்தது. யாரையாவது என்னைவிடக் கீழே வைத்துப் பார்க்கவேண்டிய தேவை அப்போது எனக்கு இருந்தது. தான் செய்த பிழையை வெளியே சொல்ல முடியாதவனுக்கு எப்போதும் இன்னொருவனின் பிழை வேண்டும்.

ஏழாம் மாதம், ஒரு பின்னேரம், அவன் அறை வாசலில் வந்து நின்றான். மெலிந்திருந்தான். முன்பல் ஒன்று இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தன் கட்டிலில் இருந்தான். பட்டியலைப் பற்றி அவன் கேட்பான் என்று ஏழு மாதமாகப் பதில் தயாரித்து வைத்திருந்தேன். அவன் அதைக் கேட்கவில்லை.

"ஐயாவுக்கு அறிவிச்சனியோ?"

"ஓம்," என்றேன். பொய் வாயிலேயே தயாராக இருந்தது.

"எத்தினை தரம் எழுதினனி?"

"மூண்டு தரம்."

"பதில்?"

"ஒண்டும் வரேல்லை."

அவன் விரலை மடக்கத் தொடங்கினான். வகுப்பில் ஒன்றைப் படிப்படியாக நிறுவிக் காட்டும்போது அப்படித்தான் மடக்குவான்.

"ஒரு கடிதம் தவறலாம். ரெண்டும் தவறலாம் எண்டு வைப்பம். மூண்டும் தவறாது. கிடைச்சிருந்தா ஐயா மறுபக்கத்திலை எழுதி அனுப்பாமல் இருக்கமாட்டார். அனுப்பேல்லை." அவன் மூன்றாவது விரலையும் மடக்கினான். "அப்ப ஐயா இல்லை."

ஒவ்வொரு படியும் சரி. அவனுடைய பெரியவர்கள் வந்து பார்த்தாலும் ஒரு பிழை சொல்ல முடியாது. முதல் வரியை மட்டும் அவன் என்னிடம் வாங்கியிருந்தான்.

முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். ஏழு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தவன், பல்லைப் பற்றி ஒரு சொல் சொல்லாதவன், குலுங்கிக் குலுங்கி அழுதான். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"நான் எழுதேல்லை," என்றேன்.

அவன் நிமிர்ந்தான்.

"ஒண்டும் எழுதேல்லை மச்சான். ஒரு கடிதமும் போகேல்லை. ஐயாவுக்கு ஒண்டும் தெரியாது."

அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றும் நினைத்தேன். காறித் துப்பினால் துடைக்காமல் இருப்பது என்று முடிவு செய்தேன்.

"உண்மையாவோ?"

"ஓம்."

"ஒண்டு கூட எழுதேல்லையோ? சத்தியமாச் சொல்லு."

"அம்மாவாணை எழுதேல்லை." என் கேவலத்துக்கு நானே தாயின் மேல் சத்தியம் பண்ணினேன்.

அவன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். கண்ணீர் வழிந்தபடியே, பல் போன இடம் தெரியச் சிரித்தான்.

"அப்ப ஐயா இருக்கலாம். இருப்பாரடா!" என்றான். பிறகு, "நல்ல காலம் மச்சான், நீ எழுதேல்லை," என்றான்.

அந்தச் சொல்லில் ஒரு துளியாவது இகழ்ச்சி இருக்கிறதா என்று அவன் முகத்தில் தேடினேன். இருந்திருந்தால் அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.